விலாங்கு மக்களும் என் இரண்டாவது அட்டையும்

போன மாதம் ஷோபனா போன் செய்தாள். எங்கள் கலைக்களஞ்சிய அலுவலகத்தில் படப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்து, அலுவலகம் மூடும்வரை இருந்தவள். இப்போது நாவலூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். கணினி எழுதித் தரும் தமிழ்ப் பதில்களைப் படித்துச் சரி, தப்பு என்று குறி போடுவது அவள் வேலை. எட்டாவது மாடி, ஏசி, ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறதாம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

"மேடம், ஒரு டவுட். பழைய இனக்குழுக்களோட பேர் எப்படி வந்துச்சுன்னு வரிசையா கேள்வி வந்துட்டு இருக்கு. பதில் எல்லாம் கடகடன்னு வந்துடுது. இந்தச் சொல்லுக்கு இந்த அர்த்தம், அதனால இந்தப் பேருன்னு. படிச்சா சரியாத்தான் தெரியுது. நான் எதை வெச்சு செக் பண்றது?"

"எந்தப் பேரு?" என்றேன்.

"இல்லிரியர்னு ஒரு பழைய ஜனங்க. அதுல ஒரு குழு, எங்கெலேயர்."

கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். சேலையூரில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் உலகத்தில் இருக்கிற அத்தனை பெயர்களையும் விட்டுவிட்டு அந்தப் பெயரைக் கேட்கிறாள். "விலாங்கு சாப்பிட்டதால வந்த பேருன்னு போட்டிருக்கா?" என்றேன். "ஐயோ, எப்படி மேடம்!" என்றாள். எப்படியென்றால், பல வருடங்களுக்கு முன் நானும் அதையேதான் எழுதினேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன். அவளுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன், எனக்காகவும்தான்.

நான் கலைக்களஞ்சியத்துக்குத் தகுதி பார்த்து வந்தவள் இல்லை. வரலாற்றில் ஒரு பட்டம், தட்டச்சில் ஒரு சான்றிதழ், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டையில் இறங்கிவிடலாம் என்கிற வசதி, இவ்வளவுதான். மெய்ப்பு பார்ப்பவளாகச் சேர்ந்து, ஏழெட்டு வருடம் எழுத்துப் பிழைகளோடு மல்லுக்கட்டி, துணைப் பதிப்பாசிரியர் ஆனேன். அலுவலகம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் மாடியில் இருந்தது. முகூர்த்த நாட்களில் நாதஸ்வரத்துக்கு மேலே குரல் கொடுத்துத்தான் மெய்ப்பு படிக்க முடியும்.

மெய்ப்பு படிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் படியை உரக்கப் படிப்பார். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் அச்சுப் படியில் விரல் வைத்துத் தொடர்வார். எனக்கு எதிரே உட்கார்ந்து படித்தவர் தணிகாசலம். முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். பைண்டிங் வேலைக்கு வந்தவர். குரல் கணீரென்று இருந்ததால் படிக்க உட்கார வைத்தார்கள். வரிக்குக் கீழே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துக்கொண்டு, வானியல், வாதநோய், வெனிசுலா என்று எது வந்தாலும் ஒரே தாளத்தில் படிப்பார். படித்து முடித்துவிட்டுத்தான் கருத்து சொல்வார். அவர் கருத்து சொல்லாமல் விட்ட பதிவு அநேகமாக எதுவும் இல்லை.

ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு அட்டை. மேலே தலைப்பு, நடுவில் தகவல், கீழே எங்கிருந்து எடுத்தது என்பது. ஒரு தகவல் அச்சுக்குப் போக வேண்டுமானால் இரண்டு அட்டைகள் வேண்டும். இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையே சொன்னால் தகவல் உறுதி. இதை இரண்டட்டை விதி என்போம். அட்டையை ரத்து செய்தால் கிழித்துப் போடக் கூடாது. குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, காரணம் எழுதி, கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தின் மெய்ப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். படிப்பவர் அந்தக் காரணத்தையும் உரக்கப் படிப்பார். தப்பை ஒளித்து வைக்க அந்த அலுவலகத்தில் ஓர் இழுப்பறைகூடக் கிடையாது.

இந்த விதியெல்லாம் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் ஞானசேகரன் சார் கொண்டு வந்தது. என்னைவிட இரண்டு வயது சின்னவர். வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் மேசையில் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். எதையும் தப்பு என்று சொல்ல மாட்டார். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டு, "படிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே படிக்க வேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். வாக்கியம் முடிந்ததும், "அப்புறம்?" என்பார். அப்புறம் ஒன்றும் இல்லை சார், அவ்வளவுதான் என்றால், மறுபடியும், "படிங்க" என்பார். மூன்றாவது தடவை படிக்கும்போது நம் வாக்கியத்தின் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும். அவர் அதற்குள் இரண்டாவது டம்ளர் வெந்நீர் குடித்திருப்பார். அவரை நான் மனதுக்குள் திட்டாத வாரம் இல்லை.

அந்த வருடம் இரண்டு வேலைகள் ஒன்றாக ஓடின. ஒன்று, கலைக்களஞ்சியத்தின் எகர, ஏகாரத் தொகுதி. இன்னொன்று, நம் மாவட்டக் கடற்கரை ஊர்களைப் பற்றிய தனித் தொகுதி. இரண்டிலும் என் கை இருந்தது.

எகரத் தொகுதியில் எங்கெலேயர் என்று ஆறு வரிப் பதிவு. வெளியூரில் இருந்த ஒரு பேராசிரியர் எழுதி அனுப்பியது. இல்லிரியர் என்று கிரேக்கர்கள் குறிப்பிட்ட பழைய மக்கள் அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையிலும் அதையடுத்த மலைகளிலும் வாழ்ந்தார்கள். இன்றைய அல்பேனியாவும் அதன் அண்டை நாடுகளும் இருக்கும் பகுதி. அவர்களில் ஒரு குழு எங்கெலேயர். அங்கே ஒரு பெரிய ஏரி. கிரேக்கத்தில் விலாங்கு மீனுக்கு எங்கெலுஸ் என்று பெயர். நான் இரண்டு ஆங்கிலப் புத்தகங்களைப் பார்த்தேன். இரண்டும் விலாங்கோடு தொடர்பு சொல்லின. இரண்டு அட்டை ஆயிற்று. பேராசிரியர் விட்ட இடத்தை நான் நிரப்பினேன்: 'விலாங்கு மீனை மிகுதியாக உண்டு வாழ்ந்ததால் இப்பெயர் பெற்றனர்.' வாக்கியம் வழுவழுவென்று அழகாக வந்துவிட்டது. சந்தேகமே வரவில்லை.

அதைத் தணிகாசலம் படித்தார். முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டு ஸ்கேலை எடுத்தார்.

"அக்கா, இன்னா இது? விலாங்கு துன்னா விலாங்குக்காரனா?"

"புத்தகத்துல இருக்கு, தணிகாசலம்."

"துன்னாங்கன்னு இருக்குதா?"

நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏரியில் விலாங்கு உண்டு என்று இருந்தது. பெயர் விலாங்கைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருக்கிறது என்று இருந்தது. தின்றார்கள் என்று எங்கேயும் இல்லை. அது நானே போட்ட பாலம்.

"நாங்ககூடத்தான் துன்றோம். கழிமுகத்துல கெடைக்கும். எங்கள யாரும் விலாங்குன்னு கூப்டல. வேற பேருல்ல வெச்சிகினு கீறானுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. "இத யாருக்கா வெச்சது? அவங்களே வெச்சுகினாங்களா?"

"கிரேக்கச் சொல்லு. கிரேக்கர்கள்தான் வெச்சிருக்கணும்."

"அப்டின்னா கிரேக்கக்காரன் கூப்ட்டான்னு போடுங்கோ. அவங்க பேருன்னு ஏன் போடறீங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த பதிவுக்கு ஸ்கேலை நகர்த்தினார். அடுத்தது எஞ்சின்.

எனக்கு எஞ்சின் காதில் ஏறவில்லை. 'வேற பேருல்ல வெச்சிகினு கீறானுங்க' என்று அவர் சிரித்ததிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்த வேறு பெயர் எனக்குத் தெரியும். அது கடற்கரைத் தொகுதியில், அவர் ஊர்ப் பதிவில் இருந்தது. எழுதியவள் நான். இன்னும் இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் மெய்ப்பாக வரும். எனக்கு எதிரே உட்கார்ந்து அதை உரக்கப் படிக்கப் போகிறவர் அவர்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேலிப் பெயர் என்று மட்டும் சொல்கிறேன். குப்பத்துக்கு மேற்கே, உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊர்க்காரர்கள் வைத்தது. அந்த ஊரில் வயதான ஒருவர், உள்ளூர் வரலாறு எழுதி வைத்திருந்தவர், தன் நோட்டைக் காட்டினார். 'கடலோரக் குப்பத்தார் இன்ன பெயரால் அறியப்படுவர்' என்று எழுதி, அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்திருந்தார். அது முதல் அட்டை.

கடற்கரைத் தொகுதிக்கு இரண்டாவது அட்டை காதால் கேட்டதாக இருக்க வேண்டும். அதற்காக அந்த ஊர்ச் சந்தைக்குப் போனேன். குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வந்த ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பெயர் வழக்கில் இருக்கிறதா என்று சோதிக்க, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே திரும்பினார். சிரித்தார்கூட. அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் வரும்போதே அட்டை எழுதினேன்: 'பெயர் வழக்கில் உள்ளது. அழைத்ததும் திரும்பினார். மறுப்பு இல்லை. அவர்களும் ஏற்றுக்கொண்ட பெயர்.' களப்பணி என்றால் இதுதான் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. தணிகாசலத்தின் ஊர் என்று தெரிந்தும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளூர்க்காரர் சொன்னால் சார்பு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அறிவாளிகளுக்கு மட்டும் வரக்கூடிய முட்டாள்தனம் அது.

மறுநாள் இரண்டு பதிவுகளையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். எங்கெலேயரை மட்டும் முதலில் நீட்டினேன். மற்றதைச் சத்தமில்லாமல் உருவிவிடலாம் என்று ஓர் எண்ணம்.

"படிங்க."

படித்தேன்.

"அப்புறம்?"

"தின்றார்கள் என்பது நான் சேர்த்தது சார். எடுத்துடறேன். ஆனா விலாங்குங்கற அர்த்தம் நிச்சயம். இரண்டு புத்தகம் சொல்லுது."

"ரெண்டு புத்தகமும் எங்கேயிருந்து எடுத்துது?"

அடிக்குறிப்புகளைப் பார்த்தேன். இரண்டும் பழைய கிரேக்க நூல்களைத்தான் காட்டின. இரண்டு அட்டை என்று நான் நினைத்தது ஒரே வாயிலிருந்து வந்த ஒரே அட்டை.

"அந்த ஜனங்களே எழுதி வெச்சது ஏதாவது இருக்கா?"

"அவங்க மொழியில எழுத்தே கிடைக்கலை சார். வெறும் பேர்கள்தான் இருக்கு. அதுவும் கிரேக்கரும் ரோமரும் எழுதி வெச்சது."

சார் கண்ணைத் திறந்தார். "பாவம்" என்றார். அவர் ஒரு பதிவுக்குப் பாவம் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு வெந்நீர் ஊற்றிக்கொண்டு, "அவசரம் இல்லை. பத்து நாள் எடுத்துக்குங்க" என்றார். கையில் மறைத்து வைத்திருந்த மற்ற தாளைப் பார்த்து, "அது என்ன?" என்றார். அவர் கண்ணிலிருந்து ஒரு கையெழுத்தும் தப்பியதில்லை. என் கை மட்டும் எப்படித் தப்பும்? கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "உறுதியான அட்டையை உருவ முடியாது. வேற அட்டை கொண்டு வந்துதான் எடுக்கணும். போய்ட்டு வாங்க" என்றார்.

பத்து நாளும் நான் எங்கெலேயரோடுதான் இருந்தேன். வீட்டில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன் என்று என் கணவர் இப்போதும் சொல்லிக் காட்டுவார். ஆறு வரிக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம். அந்த மக்களை ஒரு கிரேக்கர் கடலோரம் வைக்கிறார், இன்னொருவர் ஏரிக்கரையில் வைக்கிறார். கிரேக்கப் புராணத்தில் ஓர் அரசனும் அரசியும் ஊரை விட்டு வந்து இவர்களை ஆண்டு, கடைசியில் பாம்பாக மாறினார்கள் என்று ஒரு கதை. பாம்பு மாதிரி இருக்கும் மீனின் பெயரை உடைய மக்களிடம் போய்ப் பாம்பானவர்கள்! பெயரைக் கேட்டுக் கதை வந்ததா, கதையைக் கேட்டுப் பெயர் வந்ததா, யாருக்குத் தெரியும்.

இன்னொன்று அதைவிடச் சுவையானது. பக்கத்தில் வேறோர் இல்லிரியக் குழு இருந்தது. அவர்களுடைய பெயர் அவர்கள் மொழியிலேயே தகைவிலான் குருவியைக் குறித்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பகுதி மக்களை ஒரு பழைய கிரேக்கர் கிரேக்கச் சொல்லாலேயே தகைவிலான் மக்கள் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அவர்கள் பெயரைக் கேட்டு, அர்த்தத்தைத் தன் மொழியில் மாற்றிக்கொண்டிருக்கிறார். எங்கெலேயருக்கும் அப்படி நடந்திருக்கலாம். அவர்களே தங்களை விலாங்கு என்று பெருமையாகச் சொல்லியிருக்கலாம். அல்லது அவர்கள் சொன்ன பெயர் வேறு எதுவோ, கிரேக்கர் தங்களுக்குத் தெரிந்த சொல்லுக்கு இழுத்திருக்கலாம். அல்லது ஏரிக்கரைக்கு வியாபாரத்துக்கு வந்த கிரேக்கர்கள், மீனைப் பார்த்து, ஆளைப் பார்த்து, கூப்பிட்டிருக்கலாம்.

இதைத் தணிகாசலத்திடம் சொன்னதன் விளைவு, ஒரு காலை அலுவலகக் குளியலறையில் வாளிக்குள் உயிருள்ள விலாங்கு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. "பாக்காமயே எழுதறீங்கோளே, அதான் இட்டாந்தேன்" என்றார். மண்டபத்தில் கெட்டிமேளம் ஒலிக்க, நாங்கள் எல்லாரும் வாளியைச் சுற்றி நின்று பார்த்தோம். சார் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். "வழுக்குமா?" என்றார். "புடிச்சுப் பாருங்க சார்" என்றார் தணிகாசலம். சார் பிடித்தார். அது அவர் சட்டைக் கைக்குள் ஏறிவிட்டு வெளியே வந்தது. அதற்குப் பின் ஒரு வாரம் யாரும் அவர் முன்னால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கிய சனிக்கிழமை, "உங்க ஊர்ப் பதிவைச் சரிபார்க்கணும், வரலாமா?" என்று கேட்டேன். தணிகாசலத்துக்கு முகம் மலர்ந்தது. "எங்க ஊரும் புஸ்தகத்துல வர்துதா!" என்றார். பதிவில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

அன்று மதியமே கூட்டிப் போய், கரையில், மீன் ஏலம் போடும் கான்கிரீட் கொட்டகையில் உட்கார வைத்தார். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டாரைக் கூட்டிவந்தார். தணிகாசலத்தின் மனைவி கன்னியம்மா ஓரமாக உட்கார்ந்து, தெர்மாகோல் பெட்டியில் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். நான் அட்டையை எடுத்துக்கொண்டு நாட்டாரிடம் கேட்டேன்: "உங்க ஊர் ஜனங்களை நீங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

அவர் யோசித்தார். "பேரா? கார்டுல ஒரு பேரு கீது, பஞ்சாயத்துல ஒரு பேரு கீது. அதெல்லாம் ஆபீசருங்களுக்கு. எங்களுக்குள்ள இன்னாத்துக்கும்மா பேரு? எதிர்ல ஒரு படகு வந்தா, அது யாருன்னு கேப்போம். நம்பாளுன்னுவான். அவ்ளோதான்."

"வெளியில வேற பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களாமே?"

நாட்டாரின் முகம் இறுகியது. "கூப்புடுவானுங்க. அத எழுதறதா இருந்தா இங்க இன்னாத்துக்கு வந்தே? அங்கியே போய் எழுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு ஒரு படகு கரையேற, தள்ளக் கை வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். நாட்டாரும் தணிகாசலமும் எழுந்து போனார்கள்.

நானும் கன்னியம்மாவும் மட்டும் இருந்தோம். ஐஸை உடைத்துக்கொண்டே, "அந்தப் பேரு எழுதிட்டியா?" என்றார்.

"எழுதினேன். எடுக்கணும்னுதான் வந்தேன்."

"யார் சொன்னாங்கன்னு எழுதினே?"

"சந்தையில ஒரு அம்மாவைக் கூப்பிட்டேன். அவங்க திரும்பினாங்க. அதை வெச்சு..."

"அரைக் கிலோ சங்கரா வாங்கினியே" என்றார் கன்னியம்மா.

அப்போதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சந்தையில் நான் பார்த்தது முதுகையும், திரும்பிய சிரிப்பையும், மீனையும்தான். முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தேவையான தகவலில் முகம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"அப்புறம் ஏம்மா திரும்பினீங்க?"

"திரும்பலன்னா மீனு யார் வாங்குவா? அங்க அத்தினி பேரும் அப்டிதான் கூப்புடுவாங்கோ. சிரிக்கலன்னா திமிருன்னுவாங்கோ. நீ புதுசாச்சே, படிச்சவளாட்டம் கீறியே, வேற மாதிரி கூப்புடுவேன்னு பாத்தேன்." ஐஸ் பெட்டியை மூடினார். "நீயும் அதான் கூப்ட்டே."

படகைத் தள்ளிவிட்டு தணிகாசலம் வந்தார். கன்னியம்மா பேச்சை நிறுத்திவிட்டு, எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். பஸ் ஏறும்வரை தணிகாசலம் என்னிடம் ஊர்க் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கெலேயரைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை வாக்கியங்கள் வழுவழுவென்று வரவில்லை. 'எங்கெலேயர்: பழைய இல்லிரிய மக்களுள் ஒரு குழுவினருக்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். கிரேக்கத்தில் விலாங்கைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது எனப் பலரும் கருதுவர். அம்மக்களின் சொந்தப் பெயரைக் கிரேக்கர் மொழிபெயர்த்தனரா, தம் சொல்லுக்கு ஏற்ப மாற்றினரா, தாமே சூட்டினரா என்பது உறுதியாகத் தெரியவில்லை. அவர்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.' எழுதி முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஏரிக்கரையிலும் யாரோ ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்திருப்பாள். ஒரு கிரேக்கன் கூப்பிட்டிருப்பான். அவள் திரும்பியிருப்பாள். போய்க் கேட்க எனக்கு முட்டுக்காடு பஸ் இருந்தது. அவளிடம் கேட்க எந்த வண்டியும் கிடையாது.

திங்கட்கிழமை சார் எங்கெலேயரைக் கேட்டார். 'சான்று கிடைக்கவில்லை' என்று முடித்ததும், அப்புறம் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். அன்று முதல் எல்லா அட்டையிலும் மூலத்துக்குக் கீழே ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். இது யார் வாயிலிருந்து வந்தது என்று அதில் எழுத வேண்டும். ஷோபனா, நீ கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். பதில் எவ்வளவு கடகடவென்று வந்தாலும் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பார். நிரம்பவில்லை என்றால் தெரியவில்லை என்று போடு.

கடற்கரைப் பதிவில் அந்தப் பெயரும் விளக்கமும் போயின. ஊர்ப் பெயரும், தொழிலும், கழிமுகமும் இருந்தன. பழைய இரண்டாவது அட்டையை ரத்து செய்ய வேண்டும். சிவப்புக் கோடு போட்டேன். காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில், 'சான்று போதாமை' என்று எழுதினேன்.

"படிங்க" என்றார் சார்.

"சான்று போதாமை."

"அப்புறம்?"

அடித்துவிட்டு, 'பெயர் வெளியார் வழங்குவது' என்று எழுதினேன். அப்புறம் என்றார். வெளியார் என்றால் யார் என்று அவர் கேட்கவில்லை. வெந்நீரை ஊதிக்கொண்டு காத்திருந்தார். கன்னியம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் கையெழுத்து பார்க்கும் மனிதருக்கு எங்கே கை நடுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது. இந்த அட்டை தணிகாசலம் கைக்குத்தான் போகும், அவர்தான் இதை உரக்கப் படிப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவரோடு பன்னிரண்டு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து படித்திருக்கிறேன். அவர் இனி என் முன்னால் உட்காராமல் போய்விடுவாரோ என்ற பயம்தான் என் கையைப் பிடித்து வைத்திருந்தது.

கடைசியில் எழுதினேன். சார் மறுபடி படிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் இல்லை. மாடி அமைதியாக இருந்தது. தணிகாசலம் தன் ஊர்ப் பதிவை எடுத்து, ஸ்கேலை வைத்து, என்றைக்கும் போல கமா, முற்றுப்புள்ளி என்று படித்தார். ஊர்ப் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் ஒரு படி ஏறியது. பிறகு பின்னால் குத்தியிருந்த சிவப்புக் கோட்டு அட்டையைத் திருப்பினார்.

"ரத்து. காரணம், முக்காற்புள்ளி. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தது நான், முற்றுப்புள்ளி. திரும்பியவர் மீன் விற்க வந்தவர், கமா, வேறு வழியில்லாமல் திரும்பினார், முற்றுப்புள்ளி."

படிப்பவர் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அச்சுப் படியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சனிக்கெழம சாயங்காலமே கன்னியம்மா சொல்லிச்சுக்கா" என்றார். "அட்டையில நீங்க இத எழுதுவீங்களா, மாட்டீங்களான்னு எங்க வூட்ல ஒரே பேச்சு. எழுத மாட்டீங்கோன்னு அது சொல்லிச்சு."

"நீங்க?"

ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"நானும் அதான்க்கா சொன்னேன்."